தரை ஏன் வழுக்குகிறது, அதற்கு என்ன செய்யலாம்

வீட்டில் யாராவது வழுக்கி விழுந்தால் முதலில் வரும் பேச்சு "பார்த்து நடக்கக் கூடாதா?" என்பதுதான். பார்த்து நடந்தாலும் விழுவார்கள். காலை வாரிவிடும் பொருள் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. காலுக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய படலமாக ஏதோ ஒன்று பரவியிருக்கும்: சோப்பு நீர், எண்ணெய், பாசி, பவுடர், சில சமயம் வெறும் தண்ணீர். அந்தப் படலம் எங்கே உருவாகிறது, அதை எப்படி எடுப்பது, எடுக்கவே முடியாத இடத்தில் எப்படி நடப்பது, எப்படி வண்டி ஓட்டுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதே படலம் நமக்குத் தேவைப்படும் இடங்களும் உண்டு, கதவுக் கீல், பூட்டு, பைக் செயின் என்று. அவற்றைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் இயற்பியல், பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான். உராய்வுக் குணகம் என்று பள்ளியில் படித்திருப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நிற்கிறார், குணகம் 0.5 என்றால், அவரைத் தரையோடு இழுத்து நகர்த்த 30 கிலோ அளவுக்கு விசை கொடுக்க வேண்டும். சமதரையில் சாதாரணமாக நடக்க 0.2 பக்கம் இருந்தால் ஒப்பேறிவிடும். வேகமாக நடந்தால், சட்டென்று திரும்பினால், சரிவில் இறங்கினால் இன்னும் அதிகம் வேண்டும். காய்ந்த சிமென்ட் தரையில் ரப்பர் செருப்புக்கு 0.6க்கு மேலேயே கிடைக்கும், அதனால்தான் நடப்பதைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. அதே செருப்போடு பளபளப்பான டைல்ஸில் சோப்பு நீரை மிதித்தால் அந்த 0.2 கூடக் கிடைக்காமல் போகலாம். வாழைப்பழத் தோல் கதை வெறும் கதையில்லை. ஜப்பானில் கியோஷி மபுச்சியும் அவருடைய குழுவும் அதை மிதித்து அளந்து, குணகம் 0.07 பக்கம் என்று காட்டினார்கள், 2014இல் அதற்கு இக் நோபல் பரிசும் (சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் விளையாட்டுப் பரிசு) கிடைத்தது. தோலின் உள்பக்கத்தில் இருக்கும் வழவழப்பான கூழ் மிதிபட்டுப் பிதுங்கி, செருப்புக்கு அடியில் படலமாகிவிடுகிறது.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒன்று, காலை வைக்கும்போது அடியில் இருக்கும் திரவம் பிதுங்கி வெளியேறக் கொஞ்சம் நேரம் வேண்டும். தண்ணீர் சீக்கிரம் வெளியேறும். ஷாம்பூ, எண்ணெய் மாதிரி கெட்டியானவை மெதுவாகத்தான் வெளியேறும், அதற்குள் கால் போய்விடும். தரை சொரசொரப்பாக இருந்தால் அதன் மேடுகள் படலத்தைக் கிழித்துக்கொண்டு காலைத் தொட்டுவிடும். செருப்பிலோ டயரிலோ பள்ளங்கள் இருந்தால் திரவத்துக்கு ஓட வழி கிடைக்கும். இரண்டாவது, வழுக்க ஆரம்பிக்கும்வரை இருக்கும் பிடிப்பு, வழுக்க ஆரம்பித்த பிறகு இருக்காது, குறைந்துவிடும். அதனால் வழுக்கத் தொடங்கிய பிறகு சமாளிப்பது கஷ்டம், தொடங்காமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

குளியலறை

இங்கே ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். தரை நன்றாகக் காய்ந்திருக்கும்போது உள்ளங்கையால் தடவினால் எல்லா இடமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். இப்போது ஒரு மக்கு தண்ணீரை ஊற்றிவிட்டு, விரலை அழுத்தித் தேய்த்துக்கொண்டே போங்கள். நீங்கள் நின்று குளிக்கும் இடத்தில், சோப்பு டப்பாவுக்கு நேர் கீழே, வாளி வைக்கும் இடத்தைச் சுற்றி, விரல் வழுக்கிக்கொண்டு ஓடும். கால் படாத கதவோர மூலையில் அதே விரல் கிறீச் என்று பிடிக்கும். டைல்ஸ் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் நீங்கள் நீக்க வேண்டிய படலம். பலபேர் டைல்ஸைக் குறை சொல்லிவிட்டு அதைப் பெயர்த்து எடுக்கும் யோசனைக்குப் போய்விடுகிறார்கள்; அதற்கு முன்னால் இந்தப் பிசுக்கை எடுத்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் இது இன்னும் மோசம். சோப்பு அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காகத் தரையில் ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் மறுபடி சோப்பை ஊற்றித் தேய்த்தால் அது போகாது. லேசான புளிப்புதான் அதைக் கரைக்கும்: வினிகர், இல்லையென்றால் மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தூள் இரண்டு மேசைக்கரண்டியை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள், பத்து பதினைந்து நிமிடம் ஊறட்டும், அப்புறம் கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்து நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். மார்பிள், கடப்பா கல் போட்ட தரை என்றால் இதைச் செய்யாதீர்கள், இரண்டுமே சுண்ணாம்பு சார்ந்த கற்கள், புளிப்பு பட்டால் அரித்துவிடும். அங்கே பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் வெந்நீரும் பிரஷ்ஷும்தான்.

கடையில் விற்கும் ஆசிட்டை வாங்கி ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்டை அது தின்றுவிடும், அந்த ஓட்டைகளில் அழுக்கும் பாசியும் குடியேறும். அதைவிட முக்கியம்: ஆசிட்டையோ, ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரையோ பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அடைத்த குளியலறையில் அது நுரையீரலைப் பாதிக்கும், உயிருக்கே ஆபத்தாகும். ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவதுகூட வேண்டாம். வீட்டு வேலைக்கு வருபவர்களிடமும் இதை நிதானமாகச் சொல்லிவையுங்கள், சுத்தம் செய்வது பெரும்பாலும் அவர்கள்தான்.

படலம் போன பிறகு அது திரும்ப வராமல் இருக்க ஒரே வழி, கடைசியாகக் குளிப்பவர் ரப்பர் வைப்பரால் தண்ணீரை வழித்துவிட்டு வருவது. ஒரு நிமிட வேலை. சுவரில் ஆணி அடித்து வைப்பரை அங்கேயே மாட்டிவிட்டால் செய்வார்கள், பால்கனியில் வைத்தால் யாரும் செய்ய மாட்டார்கள்.

எண்ணெய்க் குளியல் நாள் தனி. தலையிலும் உடம்பிலும் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, எண்ணெய்க் காலோடு டைல்ஸில் நடந்து போய், அதன்மேல் சீயக்காய்க் கரைசலும் வழிந்து, மிதிப்பதற்கு இதைவிட மோசமான கலவை வீட்டில் கிடையாது. எண்ணெய் தேய்ப்பதைக் குளியலறைக்குள்ளேயே, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, காலடியில் பழைய பருத்தித் துணியை விரித்துக்கொண்டு செய்யுங்கள். உள்ளங்காலுக்குக் கடைசியில் தேய்த்தால் போதும், தேய்த்தபின் எழுந்து நடக்க வேண்டாம், உட்கார்ந்தபடியே முதலில் காலைக் கழுவிவிடுங்கள். குளித்து முடித்ததும் தரையில் பாத்திர லிக்விடும் வெந்நீரும் ஊற்றித் தேய்த்துவிட்டுத்தான் அடுத்தவரை உள்ளே விட வேண்டும். தீபாவளி காலையில் இருட்டோடு ஒருவர்பின் ஒருவராக அவசர அவசரமாகக் குளிக்கும்போது, மூன்றாவதாகப் போகும் தாத்தாவோ பாட்டியோதான் முதல் இரண்டு பேர் விட்டுவைத்த எண்ணெயில் கால் வைக்கிறார்.

ரப்பர் மேட் போடலாம், அடியில் உறிஞ்சு குமிழ்கள் இருப்பது நல்லது. ஆனால் தினமும் தூக்கிக் காய வைக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் வழவழப்பு சேர்ந்து மேட்டே வழுக்கிக்கொண்டு போகும். சொரசொரப்பான ஆன்டி ஸ்கிட் டேப்பும் கிடைக்கிறது, நிற்கும் இடத்தில் வரிவரியாக ஒட்டலாம், தரை நன்றாகக் காய்ந்து பிசுக்கு இல்லாமல் இருக்கும்போது ஒட்டினால்தான் நிற்கும்.

அறுபது வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில் கைப்பிடிக் கம்பி கட்டாயம். துண்டு போடும் கம்பி அதற்கு ஆகாது, ஒரு ஆளின் எடையைத் தாங்கும்படி அதைப் பொருத்தியிருக்க மாட்டார்கள், விழும்போது அதைப் பிடித்தால் அது கையோடு வந்துவிடும். சுவரில் துளை போட்டு, நல்ல ஃபாஸ்டனர் வைத்து, தரையிலிருந்து 85, 90 செ.மீ. உயரத்தில், கம்மோடு பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. பொருத்திய பிறகு நீங்களே உங்கள் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள். பெரியவர்கள் "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்றுதான் சொல்வார்கள், அதைக் கேட்டுக்கொண்டு விட்டுவிட வேண்டாம், மாட்டி வைத்தால் பிடிப்பார்கள். இடுப்பு எலும்பு முறிவு என்பது அந்த வயதில் வெறும் எலும்பு முறிவு மட்டும் இல்லை, படுக்கையில் விழுந்தால் அதோடு நுரையீரல் தொற்று, படுக்கைப் புண் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

புதிதாக டைல்ஸ் வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம். பெட்டியிலோ கேட்லாக்கிலோ ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று போட்டிருப்பார்கள். இது ஜெர்மன் தர முறை: டைல்ஸ் பதித்த ஒரு சாய்தளத்தில் எண்ணெயைத் தடவி, அதன்மேல் ஒரு ஆளை நடக்கவிட்டு, வழுக்கும்வரை சாய்வைக் கூட்டிக்கொண்டே போவார்கள். 6 முதல் 10 டிகிரி தாங்கினால் ஆர் 9, 10 முதல் 19 என்றால் ஆர் 10, 19 முதல் 27 என்றால் ஆர் 11. ஆகவே ஆர் 9 என்பது அந்த வரிசையில் கடைசி, கடைக்காரர் அதை ஏதோ பட்டம் மாதிரிச் சொன்னால் ஏமாற வேண்டாம். குளியலறைக்கும் திறந்த வாசலுக்கும் ஆர் 10க்குக் குறைந்து எடுக்காதீர்கள், ஆர் 11 கிடைத்தால் நல்லது. வெறுங்காலுக்கு சோப்பு நீர் ஊற்றிச் செய்யும் தனிச் சோதனையும் உண்டு, ஏ, பி, சி என்று வகை பிரிப்பார்கள், 12, 18, 24 டிகிரி. குளிக்கும் இடத்துக்கு பி. சின்னச் சின்ன டைல்ஸ் என்றால் இடுக்குகள் அதிகம், அந்த இடுக்குகளே பிடிப்புக் கொடுக்கும். கடையில் காய்ந்த டைல்ஸைக் கையால் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சாம்பிள் ஒன்றைக் கேட்டு வாங்கி, சோப்பு நீர் ஊற்றி, செருப்பில்லாத காலால் தேய்த்துப் பாருங்கள். கொத்தனாரிடம் வாட்டத்தையும் பேசிவிடுங்கள்: வடிகாலை நோக்கி மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். தண்ணீர் தேங்கும் தரைக்கு எந்த டைல்ஸும் உதவாது.

வீட்டின் மற்ற இடங்கள்

காய்ந்த தரையும் வழுக்கும், இதைப் பலர் கவனிப்பதில்லை. கண்ணாடி முன்னால் நின்று முகத்துக்கு டால்கம் பவுடர் போடுகிறோம், உதறுகிறோம், குழந்தையைக் குளிப்பாட்டி அதற்கும் போடுகிறோம். டால்க் என்பது அடுக்கடுக்கான தகடுகளாக இருக்கும் கனிமம், ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் சறுக்கிக்கொண்டே போகும். வெள்ளை நிற டைல்ஸில் அது சிந்தியிருப்பதே தெரியாது. பவுடர் போடும் இடத்தில் ஒரு மிதியடியைப் போட்டு வையுங்கள், சிந்தியிருந்தால் ஈரத் துணியால் ஒற்றித் துடையுங்கள், துடைப்பத்தால் பெருக்கினால் இன்னும் பரவும். கேரம் விளையாடிய இடமும் அப்படித்தான்.

சமையலறையில் எண்ணெய் பாக்கெட் ஒழுகிக் கொட்டிவிட்டால் கை உடனே தண்ணீருக்குத்தான் போகும். வேண்டாம். முதலில் அரிசி மாவோ கடலை மாவோ மரத்தூளோ தாராளமாகத் தூவி, மேலே செய்தித்தாளைப் போட்டு, எண்ணெயை உறிஞ்ச விடுங்கள். வழித்து எடுத்த பிறகு வெந்நீரும் பாத்திர லிக்விடும். துடைத்து முடித்ததும் மறுபடியும் அந்த விரல் சோதனை, கிறீச் என்று பிடிக்கும்வரை. ஃபுளோர் கிளீனரை மூடி மூடியாக ஊற்றித் துடைப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும், வாசனை அதிகமாக வரும், ஆனால் காய்ந்த பிறகு ஒரு படலம் தங்கி, அடுத்த முறை ஈரம் பட்டதும் வழுக்கும். பாட்டிலில் சொன்ன அளவோடு நிறுத்திவிட்டு, இரண்டாவது முறை வெறும் தண்ணீரில் துடைத்துவிடுங்கள்.

பாசிக்கு வருவோம். மொட்டை மாடி, கொல்லைப்புறம், கிணற்றடி, வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் இருக்கும் வெயில் படாத சந்து. கோடையில் கறுப்பாகக் காய்ந்த பொருக்கு மாதிரிக் கிடக்கும், செத்துப்போனது என்று நினைப்போம், சாகவில்லை, முதல் மழை பட்டதும் தண்ணீரை உறிஞ்சி உப்பி வழவழவென்று ஆகிவிடும். இதை எடுக்க நல்ல நேரம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரில். கன்னியாகுமரி, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்கள் என்றால் ஜூன் மாத மழைக்கு முன்னாலும் ஒருமுறை. காய்ந்ததைச் சுரண்டினால் தூசியாகப் பறக்கும், அதனால் முதலில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷாலோ தென்னந்துடைப்பத்தின் அடியாலோ தேய்த்து எடுங்கள். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, இருபது நிமிடம் கழித்து மறுபடி தேய்த்துக் கழுவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், செடிகளின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் எத்தனை தடவை தேய்த்தாலும் வீண். நிரம்பி வழியும் தண்ணீர்த் தொட்டி, சொட்டும் ஏசி குழாய், இலை அடைத்த வடிகால், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

ஆற்றுப் படித்துறையிலும் கோயில் குளத்திலும் எல்லாப் படிகளும் ஒரே மாதிரி இல்லை. தண்ணீர் ஏறி இறங்கும் மட்டத்தில் இருக்கும் படியும் அதற்குக் கீழே தண்ணீருக்குள் இருக்கும் முதல் படியும்தான் பாசி பிடித்தவை. மேல் படியில் உட்கார்ந்துகொண்டு காலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்குங்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் நிற்காதீர்கள். அருவிப் பாறைகளும் அப்படியே.

செருப்பைத் திருப்பி அடியைப் பாருங்கள். குதிகால் பக்கம் வரிகள் தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தால், மேலே எவ்வளவு புதிதாக இருந்தாலும் அதன் காலம் முடிந்தது. நடக்கும்போது முதலில் தரையைத் தொடுவது குதிகால்தான், வழுக்குவதும் அந்த நொடியில்தான், ஆகவே அங்கே வரிகள் இருந்தே ஆக வேண்டும். குளியலறைக்கு மென்மையான ரப்பர் அடி, கெட்டிப் பிளாஸ்டிக் வேண்டாம்.

வழுக்கும் இடத்தில் நடக்கத்தான் வேண்டும் என்றால், அடியைச் சிறிதாக வையுங்கள், குதிகாலை முன்னால் நீட்டி ஊன்றாமல் பாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் வையுங்கள், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உடம்பின் எடை முன்காலுக்கு மேலேயே இருக்கும்படி. திரும்ப வேண்டும் என்றால் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சுழலாதீர்கள், சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்புங்கள். ஒரு கையாவது சும்மா இருக்கட்டும், இரண்டு கையிலும் வாளி வேண்டாம். அப்படியும் விழப் போகிறோம் என்று தெரிந்துவிட்டால் தாடையை நெஞ்சோடு ஒட்டி, பக்கவாட்டில், சதைப்பிடிப்பான பிட்டமும் தொடையும் படும்படி விழப் பாருங்கள். கையை விறைப்பாக நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு முறியும்.

மழையில் வண்டி

கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் அரைமணி நேரம் மிக மோசமானது. வாரக்கணக்கில் சாலையில் சொட்டிய எண்ணெயும் டயர் தூளும் புழுதியும் தூறலில் குழைந்து சேறும் எண்ணெயுமாக மேலே மிதக்கும். நன்றாகக் கொட்டித் தீர்த்தால் அது கழுவிக்கொண்டு போய்விடும், தூறலோடு நின்றுவிட்டால் அப்படியே கிடக்கும். முடிந்தால் ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சாலை முழுவதும் ஒரே மாதிரி வழுக்குவதில்லை என்பதுதான் டூவீலர்காரர்கள் கவனிக்க வேண்டியது. வெள்ளை, மஞ்சள் கோடுகளில் பெயின்ட் சாலையின் சொரசொரப்பை மூடிவிடுகிறது. பாதாளச் சாக்கடை மூடி, பாலத்து இணைப்பில் இருக்கும் இரும்புப் பட்டை, தண்டவாளம் எல்லாம் வெறும் உலோகம். இவற்றின் மேல் போகும்போது வண்டி நேராக இருக்கட்டும், சாய்க்கவும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம். தண்டவாளத்தைக் கூடியவரை நேர்க்குறுக்காகக் கடந்துவிடுங்கள். வளைவுகளில் டீசல் சிந்தியிருக்கும், நிறைந்த டேங்கோடு திரும்பும் லாரி, பஸ்ஸிலிருந்து வழிந்தது, ஈரத்தில் வானவில் நிறத்தில் மின்னும். அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலைகளில் நெல்லும் சோளமும் கொள்ளும் காயப் போட்டிருப்பார்கள், வண்டி ஏறி மிதித்துக் கதிர் அடிபடட்டும் என்று. அந்த வைக்கோலும் உருண்டைத் தானியமும் மழையே இல்லாமல் வழுக்கும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நல்ல காய்ந்த தார்ச் சாலையில் குணகம் 0.7 என்றும் ஈரத்தில் அது பாதியாக 0.35 என்றும் வைத்துக்கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் காய்ந்த சாலையில் 9 மீட்டரில் நிற்கும், ஈரத்தில் 18 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் 20 மீட்டர், ஈரத்தில் 40. இது பிரேக் பிடித்த பிறகு உள்ள தூரம் மட்டும். மூளை உணர்ந்து கை பிரேக்கை அழுத்த ஆகும் ஒரு நொடியில் 40இல் 11 மீட்டரும் 60இல் 17 மீட்டரும் ஏற்கெனவே போயிருக்கும். முன்னால் போகும் வண்டிக்குப் பின்னால் வழக்கமாக விடும் இடைவெளியை மழையில் இரண்டு மடங்காக்கச் சொல்வது இதனால்தான்.

பிரேக்கை இரண்டையும் சேர்த்து, மெதுவாகத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டுங்கள். வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் நின்றுபோய் டயர் சறுக்கும். உருளும் டயரின் அடிப்பகுதி சாலையில் அந்தக் கணத்துக்கு நின்றுகொண்டுதான் இருக்கிறது, அதனால் முழுப் பிடிப்பும் இருக்கிறது. சக்கரம் நின்றுவிட்டால் அது சறுக்கலாக மாறி, பிடிப்பும் குறைந்து, வண்டியைத் திருப்பும் வசதியும் போய்விடுகிறது. ஏபிஎஸ் செய்யும் வேலை சக்கரம் அப்படி நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதுதான். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது டூவீலர்களில் அது கட்டாயம். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தொடாதீர்கள். டயர் தேய்மானத்துக்கு அதன் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும், அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு இருக்கும். மேற்பரப்பு அந்த மேட்டு மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும்.

காரில் போகிறவர்களுக்கு இன்னொன்று. தேங்கிய நீரில் வேகமாகப் போனால் டயர் தண்ணீரைத் தள்ளி முடிப்பதற்குள் அதன் மேலேயே ஏறி மிதக்கும், ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிவிடும். 32 பிஎஸ்ஐ காற்று உள்ள கார் டயருக்கு இது மணிக்கு 90 கி.மீ. சுமாரில் நடக்கும், தேய்ந்த டயரிலும் காற்று குறைந்த டயரிலும் அதற்கு முன்பே. அப்படி ஆனால் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள், டயர் மறுபடி தரையைத் தொடும்.

வழுக்க வேண்டிய இடங்கள்

கிரீச்சிடும் கதவுக் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது எல்லா வீட்டிலும் உண்டு. அன்றைக்குச் சத்தம் நிற்கும், கொஞ்ச நாளில் எண்ணெய் தூசியைச் சேர்த்துக்கொண்டு பிசுக்காகி இறுகும். சமையல் எண்ணெய் எதுவும் இதற்கு உதவாது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் வாங்கி வைத்தால் கீல், ஃபேன், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் வரும். கீலில் விடும்போது அதன் நடுவில் இருக்கும் ஊசியைப் பாதி மேலே தட்டி எடுத்து, பழைய பிசுக்கைத் துடைத்துவிட்டு விடுங்கள், இரண்டு சொட்டு போதும்.

பூட்டுக்குள் எண்ணெய் வேண்டாம், அதே தூசிப் பிரச்சினை. பென்சில் முனையைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து, பூட்டில் நுழைத்துப் பலமுறை திருப்புங்கள். பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் டால்க் மாதிரி அடுக்கடுக்காகச் சறுக்கும் பொருள், தூசியை இழுக்காது. மர டிராயர், சிக்கும் ஜிப், இவற்றுக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். பீரோவை நகர்த்த நான்கு பேரைக் கூப்பிட வேண்டியதில்லை, ஒரு பக்கமாகச் சாய்த்து அடியில் மடித்த ஜமுக்காளத்தைச் செருகி இழுத்தால் டைல்ஸில் இரண்டு பேர் நகர்த்திவிடலாம், இழுப்பவர் மட்டும் ரப்பர் செருப்பு போட்டிருக்க வேண்டும்.

பைக் செயினுக்கு எண்ணெய் விடும்போதுதான் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் வழுக்க வேண்டிய செயினும் வழுக்கவே கூடாத டயரும் அங்கே சில சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன. எஞ்சினை அணைத்துவிட்டு, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே செயினின் உள்பக்கத்தில் விடுங்கள். ஸ்பிரே என்றால் டயருக்கும் செயினுக்கும் நடுவில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் ஊறிய பிறகு வெளியே மினுமினுக்கும் எண்ணெயை எல்லாம் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள், வேலை செய்வது உள்ளே போனதுதான், வெளியே இருப்பது ஓட ஓடத் தெறித்து டயரிலும் பிரேக்கிலும் போய் ஒட்டும். டயரைக் கறுப்பாக மின்ன வைக்கும் பாலிஷ் போடும் பழக்கம் இருந்தால், சாலையில் படும் பகுதிக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள், டூவீலருக்குப் போடாமலே இருப்பது இன்னும் நல்லது. பின் டயரின் மேற்பரப்பையும் பிரேக் டிஸ்க்கையும் கைவிரலால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வழவழப்பு தெரிந்தால் டயரைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்து நன்றாகக் கழுவிவிடுங்கள், டிஸ்க்குக்கு பிரேக் கிளீனர் போட்டுத் துடையுங்கள். அப்புறம் தெருவிலேயே மெதுவாக ஓட்டி இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்துவிட்டு மெயின் ரோட்டுக்குப் போங்கள்.